நின்று போடுவதா, ஓடிப் போடுவதா

நேற்று வண்ணாரப்பேட்டை ரேஷன் கடையில் கோதுமை மூட்டை ஒன்றை என் கண்ணெதிரே பிரித்தார்கள். கொக்கியைப் போட்டு வாயைக் கிழித்ததும் சணலும் தானியத் தூசும் கலந்த வாசனை குப்பென்று எழுந்தது. வரிசையில் எனக்கு முன்னால் கொஞ்சம் பேர்தான் இருந்தார்கள். இருந்தாலும் நான் வரிசையை விட்டு வெளியே வந்து தெருவில் நின்றேன். பின்னால் நின்ற அம்மாள் கூடவே வந்து, "இன்னா பெரியவரே, மயக்கமா கீதா? சோடா வாங்கியாரட்டா?" என்று கேட்டாள்.

"ஒண்ணும் இல்லம்மா. காத்தாட நிக்கறேன்" என்றேன்.

சொல்லி முடித்த பிறகுதான் உறைத்தது. அது என்னுடைய பேச்சு இல்லை, உன்னுடையது. நீ போய் ஒரு வருடம் ஆகப்போகிறது. இதையெல்லாம் சொல்ல எனக்கு இருந்தவன் நீ ஒருவன்தான் என்பதால் உனக்கே எழுதுகிறேன்.

ராயபுரத்தில் பாதிரிமார் பள்ளிக்கூடத்துக்குப் பின்னால் நாம் கூடைப்பந்து ஆடிய மண் மைதானம் இப்போது இல்லை. தேக்குக் கம்பங்கள் இரண்டு, மழையில் ஊறி விரிந்த பலகைகள் இரண்டு, வலையே பார்த்திராத இரும்பு வளையங்கள் இரண்டு. வெள்ளைக்காரன் கிளம்பிப் போன காலத்தில் நீயும் நானும் எட்டாவதோடு படிப்பை நிறுத்திவிட்டு ஹார்பரில் மூட்டை தூக்கப் போனோம். ஆனால் மைதானத்தை விடவில்லை. சாயங்காலச் சங்கு ஊதியதும் உடம்பில் ஒட்டிய தூசோடு நேரே அங்கேதான் போவோம். தோல் பந்து, வாயை நாடா கோத்துக் கட்டியிருப்பார்கள். மழை நாளில் தண்ணீரைக் குடித்துக் கல்லாகக் கனக்கும். கூடைப்பந்து ஆடுகிற மூட்டைக்காரர்கள் என்று தெருவில் நம்மைச் சிரிப்பார்கள். பகல் முழுக்கக் கப்பலின் வயிற்றுக்குள் குனிந்தே கிடந்தவர்களுக்கு வானத்தைப் பார்த்துக் கை தூக்க ஒரு இடம் வேண்டியிருந்தது. அவ்வளவுதான்.

நமக்குள் இருந்த வழக்கு ஊருக்கே தெரியும்.

என் கட்சி, நின்று போடுவது. இரண்டு காலையும் மண்ணில் ஊன்றி, முட்டியை மடக்கி, பந்தை இரண்டு கையாலும் நெஞ்சுக்கு நேரே பிடித்து, வளையத்தின் முன் விளிம்பைப் பார்த்து விடுவது. ஷாட்டின் பலம் கையில் இல்லை, முட்டியில்தான் இருக்கிறது என்று எல்லோரிடமும் சொல்லிக்கொண்டு திரிந்தேன். உன் கட்சி, ஓடிப் போடுவது. பந்தைத் தட்டிக்கொண்டே ஆளை ஒரு பக்கம் டபாய்த்து, மறுபக்கம் நுழைந்து, இரண்டு எட்டு வைத்துத் தாவி, ஒற்றைக் கையால் பந்தைப் பலகையில் வைத்துவிட்டு வருவது.

"வளையத்தாண்ட போயி கையில குடுத்துட்டு வரணும் மாமு" என்பாய். "தபால் மாறி தூரத்துலேர்ந்து அனுப்பிட்டு, போய் சேந்துச்சான்னு பாத்துகினு நிக்கக்கூடாது."

ஒரு தடவை வெளிநாட்டுக் கப்பல் மாலுமி ஒருவன் மைதானத்துக்கு வந்து நம்மோடு ஆடினான். ஓடி வந்து, சட்டென்று நின்று, நின்ற இடத்திலிருந்து மேலே எம்பி, அந்தரத்தில் இருக்கும்போது ஒற்றைக் கையால் போட்டான். அப்படி ஒன்றை நாம் பார்த்ததே இல்லை. அவன் கப்பலேறிப் போய் வெகுநாள் வரைக்கும் அவன் எந்தக் கட்சி என்று சண்டை போட்டோம். நின்றுதானே போட்டான், என் கட்சி என்றேன். "காலு தரையில இல்லியே, அப்ப என் ஆளு" என்றாய் நீ. பீச் ரோட்டில் டீ ஆற ஆற, கைகளால் காற்றில் பந்து பிடித்துக் காட்டிக்கொண்டு நின்ற நம்மைப் பார்த்து டீக்கடைக்காரர் தலையில் அடித்துக்கொண்டார்.

அப்புறம் பெரம்பூர் ஆட்களோடு நடந்த அந்த ஆட்டம். ஒரு கூடை விழுந்தால் நமக்கு ஜெயம். பந்து உன் கையில். நான் ஓரத்தில் தனியாக நிற்கிறேன், என்னைச் சுற்றி ஒருவரும் இல்லை, இரண்டு கையையும் நீட்டிக்கொண்டு கத்துகிறேன். நீ பார்த்தாய். பார்த்துவிட்டு ஓடினாய். இரண்டு ஆளைத் தாண்டித் தாவிப் போட்ட பந்து வளையத்தின்மேல் சுற்றி வெளியே விழுந்தது. விசில் ஊதிவிட்டார்கள்.

"எனக்குக் குடுத்திருக்கணும்" என்று வழியெல்லாம் சொல்லிக்கொண்டு வந்தேன்.

"குடுத்திருந்தா? நீ காலு பதிச்சி, முட்டி மடக்கி, மூச்ச இஸ்து, அல்லாத்தியும் செய்யறதுக்குள்ள அவன் விசில ஊதிட்டு வூட்டுக்குப் போயி சோறு துன்னிருப்பான்."

அந்த வழக்கு முடியாமலே மறுநாள் கோதுமைக் கப்பலில் இறங்கினோம்.

கப்பலின் அடிக் கிடங்கின் நடுவில் மூட்டைகளை எடுத்து எடுத்து அங்கே ஒரு கிணறு மாதிரி ஆகியிருந்தது. சுற்றிலும் அட்டி அட்டியாக மூட்டைச் சுவர். மேலே திறந்த வாயில் ஒரு துண்டு வானம். நாம் இருவரும் ஓரத்தில், மேல்தட்டுக்கு அடியில் நின்று மூட்டையை உருட்டிக்கொண்டிருந்தோம். நீ ஏதோ சொல்ல, நான் பதிலுக்குக் கையைத் தூக்கி ஷாட் போட்டுக் காட்டினேன். மேலேயிருந்து மேஸ்திரி, "டேய், பந்து பேச்செல்லாம் வெளிய வந்து வச்சிக்க. மூட்டயப் பாரு" என்று அதட்டினார். அவர் குரல் முடிவதற்குள் சுவர் சரிந்தது.

சத்தம் பெரிதாக இல்லை. யாரோ பெருமூச்சு விட்டது போல இருந்தது. வானம் போய்விட்டது. கண்ணைத் திறந்தாலும் மூடினாலும் ஒன்றுதான். வாயெல்லாம் தூசு. வலது கால் முட்டியிலிருந்து கீழே எனக்குச் சொந்தமில்லாதது போல் இருந்தது. உடைந்த மரச் சட்டம் ஒன்று நமக்கு மேலே குறுக்கே நின்று மூட்டைகளைத் தாங்கியதால் இருவருக்கும் உட்கார்ந்த வாக்கில் இருக்க இடம் கிடைத்திருக்கிறது. அது பிறகு தெரிந்துகொண்டது. அப்போது தெரிந்ததெல்லாம் என் தோளில் பட்ட உன் கை.

"மாமு. காலு கீதா?"

"கீது. ஆனா என்து மாறி இல்ல."

நீ தடவிப் பார்த்தாய். வெகுநேரம் கழித்து மேலே எங்கேயோ மேஸ்திரியின் குரல் கேட்டது. "உள்ள யாருடா? உசுரோட கீறீங்களா?"

"ரெண்டு பேரும் கீறோம் மேஸ்திரி. இவன் காலு மாட்டிகினு கீது."

கொஞ்ச நேரத்தில் உன் பக்கம் மேலே விரல் அகலத்துக்கு வெளிச்சம் தெரிந்தது. அது ஆள் ஊர்ந்து வருகிற அளவுக்குப் பெரிதானது. "டேய், சந்து கீது பாரு. நீ மெதுவா ஊந்து வந்துடு. அப்பால அவன எடுக்கலாம்" என்றார்.

"நான் வர்ல."

"மேல எவ்ளோ நிக்குதுன்னு உனக்குத் தெரியாது. ஒரு மூட்ட நகந்தா ரெண்டு பேரும் காலி."

"ரெண்டு பேரா வர்றோம் மேஸ்திரி. நீங்க எடுங்க."

நான் உன்னைப் பிடித்துத் தள்ளினேன். உனக்குக் கல்யாணமாகி ஹமீதா வீட்டுக்கு வந்து இரண்டு மாதம்கூட ஆகவில்லை. "போடா. வூட்ல பொண்டாட்டி கீறா" என்றேன்.

"நான் போனா நீ தூங்கிடுவ" என்றாய்.

தூக்கம் வரத்தான் செய்தது. கால் வலி குறைந்து உடம்பு குளிர்ந்து கண் சொக்கியது. அப்போதுதான் நீ ஆரம்பித்தாய். "நேத்து உனக்குப் பந்து குடுத்திருந்தாலும் நீ போட்டிருக்க மாட்ட மாமு. நீ ஷாட்டு போடறது பொம்பளைங்க கொழுக்கட்ட புடிக்கிற மாறி கீது."

எனக்குக் கோபம் வந்தது. அந்த நிலையிலும் வந்தது. நீ வளையத்தில் பந்து போடவில்லை, வளையத்தை முட்டிவிட்டு வருகிறாய் என்றேன். நீ பதில் சொன்னாய். நான் பதிலுக்குப் பதில் சொன்னேன். பலகையில் எந்த மூலையில் அடித்தால் பந்து உள்ளே இறங்கும், எதிராளி உயரமாக இருந்தால் என்ன செய்வது, முதல் எட்டு எந்தக் காலில், எல்லாவற்றையும் பேசினோம். மேலே அவர்கள் மூட்டையை ஒவ்வொன்றாகக் கையாலேயே தூக்கினார்கள். இயந்திரத்தைப் போட்டு இழுத்தால் மொத்தமும் இறங்கிவிடும். ஒரு மூட்டை போகும், தூசு கொட்டும், நாம் இருமுவோம், மறுபடி வழக்கு நடக்கும்.

எவ்வளவு நேரம் என்று தெரியாது. ஒரு சமயம் மரச் சட்டம் முனகியது. மூட்டைகள் கொஞ்சம் இறங்கி உட்கார்ந்தன. சந்து மூடிக்கொண்டது, வெளிச்சம் போய்விட்டது. மேஸ்திரியின் குரலும் கேட்கவில்லை. நான் பேச்சை நிறுத்திவிட்டேன் போலிருக்கிறது. நீ என் தலையை உன் மடியில் எடுத்து வைத்துக்கொண்டாய். பிறகு மெதுவாகச் சொன்னாய்.

"செரி மாமு. நீ சொல்றதுதான் கரீட்டு. நின்னுகினு போடறதுதான் ஷாட்டு. உனக்கே குடுத்திருக்கணும்."

அதுவரை எனக்குப் பயம் இல்லை. இருட்டு இருந்தது, வலி இருந்தது, பயம் இல்லை. நீ எதிலும் எனக்கு விட்டுக்கொடுத்தவன் இல்லையே. டீயில் சர்க்கரை தூக்கலா குறைவா என்பதில்கூட விட்டதில்லை. அப்படிப்பட்ட நீ விட்டுக்கொடுக்கிறாய் என்றால் நான் சாகப்போகிறேன் என்று உனக்குத் தெரிந்துவிட்டது என்று புரிந்தது. வழக்கு முடிந்தால் நானும் முடிந்தேன். இனி பேச என்ன இருக்கிறது?

அப்போது எங்கிருந்து வந்ததோ, "இல்ல" என்றேன். "நீ சொன்னதுதான் கரீட்டு. ஓடிகினு போடறதுதான்."

"இன்னா மாமு சொல்ற?" என்றாய்.

"நிக்கறவன எவன் வேணா மறிச்சிடுவான். ஓடறவன மறிக்க முடியாது. நீ ஓடுனதுதான் கரீட்டு. பந்து விய்லன்றது வேற."

"அய்ய, அது எப்டி? நின்னு போட்டா குறி தப்பாது."

"குறி இன்னாத்துக்கு? பக்கத்துல போயிட்டா குறி எதுக்கு?"

இப்படியே மறுபடி தொடங்கியது. உன் வாதம் எல்லாம் என் வாயில், என் வாதம் எல்லாம் உன் வாயில். நான் கண்ணை மூடிக்கொண்டு உனக்கு விளக்கினேன். பந்தைத் தட்டுகிறேன், இடது பக்கம் போகிற மாதிரி காட்டுகிறேன், வலது காலை வைக்கிறேன். அசைக்க முடியாத அந்தக் காலை வைக்கிறேன். இடது காலை வைத்துத் தாவுகிறேன். அதுவரை என் ஆயுளில் அப்படி ஒரு தடவைகூட ஓடிப் போட்டதில்லை. அங்கே, உன் மடியில் தலை வைத்துக்கொண்டு, எத்தனை தடவை ஓடினேனோ. உன் கண்ணீர் என் நெற்றியில் விழுந்தது. உன் குரல் மட்டும் உடையவே இல்லை. என்னைத் திட்டிக்கொண்டே இருந்தாய்.

வெளியே எடுத்தபோது சாயங்காலச் சங்கு ஊதிக்கொண்டிருந்தது.

காலை எடுக்காமல் காப்பாற்றினார்கள். முட்டி மட்டும் இனி மடங்காது என்று டாக்டர் சொல்லிவிட்டார். உன் மேல் ஒரு கீறல்கூட இல்லை என்று எல்லோரும் ஆச்சரியப்பட்டார்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன்.

ஆஸ்பத்திரியிலிருந்து வந்தபின் சந்துக்குள் இருந்த எங்கள் ஒற்றை அறையில் கிடந்தேன். கயிற்றுக் கட்டில், கரி படிந்த கூரை, கம்பி போட்ட ஒரு ஜன்னல். காற்று திரும்பினால் மைதானத்தில் பந்து மண்ணில் மோதுகிற சத்தம் கேட்கும். அந்த நேரத்தில் சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கொள்வேன். கிடங்கிலிருந்து என்னை எடுத்து இங்கே கொண்டுவந்து அடைத்துவிட்டார்கள் என்று தோன்றும். அங்கேயாவது நீ இருந்தாய்.

நீ தினமும் வந்தாய். ஆனால் உள்ளே வரமாட்டாய். ஜன்னலுக்கு வெளியே கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்பாய். "உள்ள வாப்பா, குந்து. டீ வைக்கறேன்" என்று அம்மா கூப்பிடுவாள். "இருக்கட்டும்மா. காத்தாட நிக்கறேன்" என்பாய். மழை தூறினாலும் அதே பதில்தான். ஒருநாள் எனக்குத் தாங்கவில்லை. "என் கால பாக்க புடிக்கலியா? அப்ப இன்னாத்துக்கு வர்ற?" என்று கேட்டேன். நீ தலையைக் குனிந்துகொண்டு போய்விட்டாய்.

மறுநாள் நீ வரவில்லை. ஹமீதா வந்தாள். அம்மாவோடு வாசலில் உட்கார்ந்து அவள் பேசியது கட்டிலில் கிடந்த எனக்குக் கேட்டது.

"வூட்டுக்குள்ள வந்தே எத்தினி நாளாச்சின்னு கேளுங்கம்மா. தெருவுல கட்டில போட்டுப் படுத்துக்கறாரு. கதவ சாத்துனா மூச்சு முட்டுதுன்றாரு. கோணி வாசன வந்தா எயுந்து ஓடறாரு. ஹார்பருக்குப் போறதே இல்ல. கேட்டா, அங்கியே கீறேன் ஹமீதா, அவனத்தான் எடுத்தாங்கோ, என்ன இன்னும் எடுக்கலன்றாரு."

அன்று முழுக்க நான் கூரையைப் பார்த்துக்கொண்டே கிடந்தேன்.

அதற்கடுத்த நாள் நீ ஜன்னலுக்கு வந்தாய். எதுவும் நடக்காதது போல், "இன்னா மாமு, நாஸ்டா ஆச்சா?" என்றாய். நான் பதில் சொல்லாமல் கட்டிலைப் பிடித்து எழுந்தேன். அம்மா ஓடிவந்து தாங்கினாள். தடியை ஊன்றி, மடங்காத காலை இழுத்துக்கொண்டு, படியில் ஒரு தடவை தடுமாறி, வாசலைத் தாண்டினேன். வீட்டுக்கு வந்த பிறகு அன்றுதான் முதல் தடவையாக வெளிச்சத்துக்கு வருகிறேன். நீ பயந்துபோய், "இன்னாத்துக்கு எயுந்த?" என்றாய்.

"நீ உள்ள வர மாட்ட. அதான் நான் வர்றேன்."

இருவரும் சந்துச் சுவரில் சாய்ந்து நின்றோம். கிடங்கைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. மேலே குறுகலாக வானம் தெரிந்தது. நீ அதையே பார்த்துக்கொண்டிருந்தாய். பிறகு தொண்டையைச் செருமிக்கொண்டு, "யோசிச்சிப் பாத்தேன் மாமு. நின்னுகினு போடறதுதான் ஷாட்டு" என்றாய்.

"போடா. ஓடிகினு போடறதுதான்" என்றேன்.

அதன் பிறகு நாம் இருவரும் பழைய கட்சிக்குத் திரும்பவே இல்லை.

நீ சாலையோரத்தில் மரத்தடியில் சைக்கிள் கடை போட்டாய். சுவர் கிடையாது, கூரை கிடையாது. மழை பெய்தால் தொழில் கிடையாது. எனக்கு ஹார்பரில் டோக்கன் கொடுக்கிற வேலை கொடுத்தார்கள். உட்கார்ந்தால் நீட்டிய கால் எதிர்ச் சுவரில் இடிக்கும் ஒரு மர அறை, ஒரு சின்ன ஜன்னல். அதற்குள் என் வயசு போயிற்று. ஞாயிற்றுக்கிழமை மட்டும் மைதானத்துக்குப் போவோம். நான் ஒரு தடவை நின்று போட்டுப் பார்த்தேன். முட்டி மடங்காமல் பந்துக்குப் பலம் வரவில்லை, வளையத்துக்குக் கீழேயே விழுந்தது. நீ அதை எடுத்து, காலை ஊன்றி, நான் செய்கிற மாதிரியே முன் விளிம்பைப் பார்த்து, வெகு நேரம் நின்று போட்டாய். அதுவும் விழவில்லை. உனக்குப் பொறுமையே கிடையாது. "உனுக்கு அது வராது, ஓடு" என்று கத்தினேன். "நான் ஓட மாட்டேன்" என்றாய். ஆட வந்தவர்கள் நம்மைப் பார்த்துச் சிரித்தார்கள். கால் போனவன் ஓட்டத்தைப் புகழ்கிறான், மான் மாதிரி கால் உள்ளவன் நிற்பதைப் புகழ்கிறான் என்றார்கள். அவர்களுக்கு நாம் விளக்கவில்லை.

போன வருடம் உனக்குக் காய்ச்சல் கண்டபோது உன் மகன்கள் உன்னை வீட்டுக்குள் தூக்கிப் போனார்களாம். நீ கையை ஆட்டிக்கொண்டே இருந்தாயாம். ஹமீதாதான் புரிந்துகொண்டு, "வெளிய போடுங்கடா" என்று சொல்லியிருக்கிறாள். தெருவில் ஆள் போய்க்கொண்டும் வந்துகொண்டும் இருக்க, ஒரு மத்தியானத்தில் கயிற்றுக் கட்டிலிலேயே கண்ணை மூடினாய்.

கபர்ஸ்தானில் நான் ஓரமாக நின்றேன். உன்னைக் கீழே இறக்கினார்கள். மேலே பலகைகளை ஒவ்வொன்றாக அடுக்கினார்கள். கடைசிப் பலகை வைத்தபோது எனக்கு மூச்சு நின்றது. நிறுத்துங்கள் என்று சொல்ல வாயெடுத்துவிட்டேன். மண் தள்ளினார்கள். எல்லோரும் ஓதி முடித்துக் கிளம்பினார்கள். உன் பெரியவன் வந்து என் கையைப் பிடித்து, "போலாமா மாமா?" என்று கேட்டான். "நீ போப்பா. நான் அப்பால வர்றேன்" என்றேன்.

ஆள் போன பிறகு உன் பக்கத்தில் போய் நின்றேன். தரையில் உட்கார முடியாது, அதனால் தடியில் சாய்ந்து நின்றேன். மெதுவாகத்தான் ஆரம்பித்தேன். நின்னுகினு போடறதுன்ற, எதிர்ல உயரமா ஒருத்தன் நின்னா இன்னா பண்ணுவ? காத்து அடிச்சா இன்னா பண்ணுவ? ஓடறவனுக்குக் காத்து இன்னா செய்யும்? மண் ஈரம் காய்கிற வரைக்கும் பேசிக்கொண்டு நின்றேன். ஒன்றை மட்டும் கேட்கவில்லை. அன்று கிடங்கில் விட்டுக்கொடுத்தாயே, அது உன் மனசிலிருந்து வந்ததா, நான் நிம்மதியாகப் போகட்டும் என்று சொன்னதா? இத்தனை வருடத்தில் எத்தனையோ தடவை நாக்கு நுனிவரை வந்து நின்ற கேள்வி. கேட்டிருந்தால் நீ பதில் சொல்லியிருப்பாய். அதோடு வழக்கு தீர்ந்திருக்கும். தீரக்கூடாது என்றுதான் கேட்கவில்லை. இப்போதும் அப்படியே என்னிடம் இருக்கிறது.

உன் கட்சியும் என்னிடம்தான் இருக்கிறது. டீக்கடையில் யார் ஆட்டத்தைப் பற்றிப் பேச்செடுத்தாலும், ஓடிப் போடுவதுதான் ஷாட் என்று அடித்துச் சொல்கிறேன். மடங்காத முட்டியைத் தடவிக்கொண்டே சொல்கிறேன். அவர்களும் செரி பெரியவரே, செரி என்று தலையாட்டிவிட்டு டீயைக் குடிக்கிறார்கள். எதிர்த்துப் பேசத்தான் ஆள் இல்லை.